பன்னிரண்டு பேர், இரண்டு இரவு: ஏலகிரியா, கொல்லிமலையா, வால்பாறையா, கொடைக்கானல் மேல்மலையா?

"மலைக்குப் போவோமா?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டால் போதும், அரை மணி நேரத்தில் பத்து ஊர்ப் பெயர் வந்து விழும். முடிவு மட்டும் வராது. கல்லூரி முடித்த தம்பிக்கு அருவி வேண்டும், அம்மாவுக்கு மூட்டு வலி, நான்கு வயதுக் குழந்தைக்கு வளைவு ஏறினாலே வாந்தி. இந்த மூவரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

கணக்குக்கு ஒரு குழுவை வைத்துக்கொள்வோம்: மூன்று குடும்பம், இரண்டு நண்பர்கள், மொத்தம் பன்னிரண்டு பேர். அதில் 65 வயதைத் தாண்டியவர்கள் இருவர், பத்து வயதுக்குள் குழந்தைகள் மூவர். கையில் இருப்பது சனி, ஞாயிறு, கூட ஒரு விடுமுறை நாள். ஊட்டியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சீசனில் ஊட்டிக்குப் போவது தனிப் பாடம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அங்கே போய், குழுவில் பாதிப் பேர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எனவே இந்த ஆறு கேள்விகளையும் முதலில் கேளுங்கள்.

மலைப்பாதை எவ்வளவு நேரம்? கிலோமீட்டர் இதைச் சொல்லாது. அடிவாரத்திலிருந்து அறை வரை எத்தனை நிமிடம் வளைந்து வளைந்து போக வேண்டும் என்று பாருங்கள். வாந்தி வரும் குழந்தைக்கு அரை மணி நேரம் ஒரு பொருட்டில்லை, இரண்டு மணி நேரம் பெரும்பாடு.

நடக்க முடியாதவருக்கு அங்கே என்ன இருக்கிறது? "நீங்க இங்கேயே உட்காருங்க, நாங்க பார்த்துட்டு வந்துடறோம்" என்பது ஒரு முறை சொன்னால் சரி. மூன்று நாளும் அதையே சொன்னால் அது பெரியவர்களுக்கான பயணமே இல்லை.

கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்படும்? வனச் சோதனைச்சாவடி, இ-பாஸ், அருவியின் நுழைவு நேரம் மூன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு குளிர்? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். மே மாதம் அடிவாரத்தில் 38 டிகிரி இருந்தால் ஏலகிரியில் 33, 34 இருக்கும். அதைக் குளிர் என்று சொல்ல முடியாது. கொடைக்கானலில் அதே நாளில் அதைவிட நன்றாகவே குறைந்திருக்கும்.

மருத்துவமனை எவ்வளவு தூரம்? ஆரம்ப சுகாதார நிலையம் எல்லா மலையிலும் இருக்கும். நெஞ்சு வலிக்கும் எலும்பு முறிவுக்கும் போக வேண்டிய பெரிய மருத்துவமனையின் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பட்டியலில் வராத செலவு என்ன? வண்டி வாடகையும் அறை வாடகையும் எல்லோருக்கும் தெரியும். பட்ஜெட்டைத் தின்பது மற்றவை.

| | ஏலகிரி | கொல்லிமலை | வால்பாறை | கொடைக்கானல் மேல்மலை |
|---|---|---|---|---|
| உயரம் | சுமார் 1,100 மீ. | 1,000 – 1,300 மீ. | சுமார் 1,100 மீ. | சுமார் 2,000 மீ. |
| கொண்டை ஊசி வளைவுகள் | 14 | 70 (காரவள்ளி வழி) | 40 (ஆழியாறு வழி) | எண்ணிக்கை குறைவு, வளைவு ஓயாது |
| மலைப்பாதை நேரம் | அரை மணி | ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி | ஒன்றரை முதல் இரண்டு மணி | கொடைக்கானல் வரை இரண்டு மணி, அதற்கு மேல் ஒரு மணிக்குக் குறையாது |
| இ-பாஸ் | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| இரவுக் கட்டுப்பாடு | இல்லை | இல்லை, ஆனால் இருட்டில் ஏறாதீர்கள் | உண்டு | ஊருக்கு இல்லை, வனப்பகுதிகளுக்கு உண்டு |
| நல்ல மாதங்கள் | நவம்பர் – பிப்ரவரி | ஆகஸ்ட் – ஜனவரி | அக்டோபர் – மார்ச் | ஜனவரி – மார்ச், செப்டம்பர் |
| தவிர்க்க வேண்டியது | ஏப்ரல், மே | ஆடிப்பெருக்கு நாட்கள் | ஜூன் – ஆகஸ்ட் | மே வார இறுதி, நவம்பர் அடைமழை |

## ஏலகிரி: முதல் முறை போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ரயிலில் போய்ச் சேர இதைவிட எளிய மலை கிடையாது. ஜோலார்பேட்டையில் இறங்கி வண்டி பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் அறையில் இருக்கலாம். பொன்னேரி அடிவாரத்திலிருந்து மேலே ஏற அரை மணிதான். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைப் பெயர்ப் பலகை படிக்கவைத்தால் வாந்தி நினைப்பு கொஞ்சம் மறக்கும். வண்டிக்குள் இருந்தபடி வெளியே பார்ப்பதும் நல்லதுதான், ஏனென்றால் பார்வை தூரத்தில் இருந்தால் குமட்டல் குறையும்.

பெரியவர்களுக்குப் புங்கனூர் ஏரியும் அதன் பக்கத்துப் பூங்காவும் போதும், எல்லாம் சமதளம். இளையவர்களுக்கு மங்களம் கிராமத்துப் பக்கமிருந்து சுவாமிமலை ஏற்றம் இருக்கிறது. காலை 6 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். வழியில் தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துப் போங்கள்.

குறை என்னவென்றால், ஒன்றரை நாளில் ஏலகிரி தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் காலை எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜலகாம்பாறை அருவியை நம்பி அந்த நாளைத் திட்டமிடாதீர்கள், மழை இல்லாத மாதங்களில் அங்கே பாறை மட்டும்தான். வார இறுதியில் அறை வாடகை ஏறுவதும் வழக்கம், ரயில் வசதியால் மிச்சமானது அங்கே போய்விடும்.

குழுவில் கைக்குழந்தை இருந்தாலோ, அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் இருந்தாலோ, ஒரே இரவுதான் கையில் இருந்தாலோ ஏலகிரியே போதும். மருத்துவமனைக்கு வாணியம்பாடி, திருப்பத்தூர் இரண்டும் பக்கம்.

## கொல்லிமலை: கால் உள்ளவர்களின் மலை

நான்கில் செலவு குறைந்ததும், கடை விளம்பரம் குறைந்ததும் இதுதான். யானைத் தொல்லை இல்லை. மலை என்றாலும் உள்ளே போய்விட்டால் வயலும் தோப்புமாகக் கிராமங்கள். சாமை, கேழ்வரகு, மிளகு, காபி, பலா, அன்னாசி எல்லாம் விளையும். சோளக்காட்டுச் சந்தையில் வாங்கும் மலைவாழையை மூன்று நாளில் தின்றுவிடுங்கள், பெட்டியில் கட்டிச் சமவெளிக்குக் கொண்டுவந்தால் வெப்பத்தில் கறுத்துவிடும்.

இந்த மலைக்கு இரண்டு வழி. காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். படம் எடுப்பவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். இராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக ஏறினால் வளைவுகள் குறைவு. வாந்தி வரும் குழந்தையோடு போகிறவர்கள் ஏறும்போது முள்ளுக்குறிச்சி வழியையும், இறங்கும்போது, அதுவும் தேவையென்றால், காரவள்ளி வழியையும் எடுக்கலாம். பயண முதல் மணி நேரத்திலேயே ஒரு குழந்தை துவண்டுவிட்டால் அன்றைய நாள் போய்விடும் என்பதால் இந்தச் சுற்று பயனுள்ள சுற்று.

டெம்போ டிராவலர் 70 வளைவுகளும் ஏறும். நீண்ட பேருந்து வண்டி எடுத்தால் சில வளைவுகளில் ஒரு முறை பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டிவரும். பின்னால் வரிசை கட்டி நிற்பவர்கள் ஹாரன் அடித்தே ஓட்டுநரைப் பதற வைப்பார்கள்.

எல்லோரும் வருவது ஆகாய கங்கை அருவிக்குத்தான். அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. கோளாறு தொடங்குவதும் இங்கேதான். மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம், முடியாதவர் பாதியில் திரும்பிவிடுவார். இங்கே இறங்குவது முதலில், ஏறுவது கடைசியில். உற்சாகத்தில் கடகடவென்று இறங்கி, குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஆடி, பசியோடு ஈரத்துணியில் படியேறும்போதுதான் தொடை நடுங்கத் தொடங்கும். படிகள் சில இடங்களில் செங்குத்து, மழைக்காலத்தில் பாசி. இறங்க ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கை ஏறுவதற்கு ஒதுக்குங்கள். மூட்டுத் தேய்மானம் இருப்பவர், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர், கர்ப்பிணி ஆகியோர் மேலேயே இருக்க வேண்டும். "பாதி தூரம் வரைக்கும்" என்ற சமாதானமும் வேண்டாம், பாதி என்றாலும் ஐந்நூறு படி.

ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகள் தாங்களாகவே இறங்கிவிடுவார்கள். மேலே வரும்போது யாராவது தூக்கியாக வேண்டும். அதனால் ஒரு குழந்தைக்கு இரண்டு பெரியவர் என்று கணக்கு வையுங்கள். எலுமிச்சை, உப்பு, வேர்க்கடலை உருண்டை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். துணிப்பையைத் தோளில் மாட்டாதீர்கள், முதுகுப்பைதான் சரி. ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும். பிற்பகலில் நுழைவை நேரத்தோடு நிறுத்திவிடுவார்கள், வெள்ளம் வந்தால் முழு நாளும் மூடிவிடுவார்கள். காலை உணவு முடிந்த கையோடு போய்விடுவது நல்லது.

மேலே இருக்கும் பெரியவர்களுக்குக் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே முடவாட்டுக்கால் சூப் விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கிழங்கு மூட்டு வலியைத் தீர்க்கும் என்பார்கள். தீர்க்கிறதோ இல்லையோ, மிளகு போட்ட சூடான சூப் அந்தக் குளிருக்கு நன்றாகத்தான் இருக்கும். அடுத்த நாள் எல்லோரும் சேர்ந்து போக மாசிலா அருவியும் வாசலூர்ப்பட்டி படகுத்துறையும் உள்ளன. இரண்டிலும் நடை குறைவு.

மறைந்திருக்கும் செலவு இங்கே பணமாக இல்லை, வசதிக் குறைவாக வரும். செம்மேட்டை விட்டால் ஏ.டி.எம். தேட வேண்டும், சில இடங்களில் போன் சிக்னல் இருக்காது, யு.பி.ஐ. நம்பிப் போனால் சூப்புக்குக்கூடத் திண்டாட்டம். சில்லறையாக ரூபாய் நோட்டு கொண்டுபோங்கள். டீசலைச் சேந்தமங்கலத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். உணவகங்கள் குறைவு, பன்னிரண்டு பேருக்கு என்றால் காலையிலேயே மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஆகஸ்ட் 2, 3 வாக்கில் நடக்கும் வல்வில் ஓரி விழாவும் ஆடிப்பெருக்கும் சேர்ந்தால் அறையும் கிடைக்காது, அருவியில் நிற்க இடமும் கிடைக்காது. விழாவைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடலாம்.

இளையவர்கள் பாதிக்கு மேல் இருக்கும் குழு, பட்ஜெட் இறுக்கம், கோயிலும் வேண்டும் அருவியும் வேண்டும் என்பவர்கள்: கொல்லிமலை.

## வால்பாறை: காடு பார்க்க, காட்டின் சட்டப்படி

பொள்ளாச்சியிலிருந்து 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் சாலை நுழைகிறது. ஒன்பதாவது வளைவின் காட்சிமுனைப் பக்கம் பாறைகளில் வரையாடு நிற்பதைப் பலமுறை பார்க்கலாம். புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலைக்கே வரும். இருவாச்சிப் பறவையைத் தேடி வருகிறவர்களுக்கும் இதுதான் ஊர். நடக்க முடியாத பாட்டியும் வண்டிக்குள் இருந்தபடியே இவ்வளவையும் பார்த்துவிடலாம் என்பது வால்பாறையின் பெரிய பலம். நான்கு மலையில் வேறெதிலும் இது இல்லை.

இதற்கு விலை, ஒழுங்கு.

முதலாவது, நேரம். இருட்டிய பிறகு ஆழியாறு சாவடியில் சுற்றுலா வண்டிகளை விடமாட்டார்கள். மாலை 6 மணியைக் கடைசி எல்லையாக வைத்து, மதியம் 3 மணிக்குள் சாவடியைத் தாண்டத் திட்டமிடுங்கள். அந்த மூன்று மணி நேர இடைவெளி ஒரு பஞ்சருக்கும் ஒரு சாப்பாட்டுத் தாமதத்துக்குமானது. சென்னைக்காரர்கள் காலையில் வண்டி எடுத்தால் இது கைகூடாது. பழனி வழியாகப் பாலக்காடு போகும் இரவு ரயில் பொள்ளாச்சியில் நிற்கும், அங்கிருந்து வண்டி எடுப்பது உத்தமம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. வண்டி எண்ணைக் கொண்டுதான் பாஸ் எடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் வாடகை வண்டியை மாற்றினால் பாஸையும் மாற்ற வேண்டும் என்பதை டிராவல்ஸ்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இரண்டாவது, இரவு. தேயிலைத் தோட்டத்து வீட்டில் தங்கும்போது முன்வாசலில் குழந்தை தனியாக விளையாடக் கூடாது. மாலை ஐந்தரைக்கு மேல் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சிறுத்தை தாக்கித் தொழிலாளர் குடியிருப்புக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. கழிப்பறை வெளியே இருக்கும் பழைய பங்களாக்களைத் தவிருங்கள். இரவு மிச்சச் சோற்றையும் கறி எலும்பையும் வாசலில் கொட்டாதீர்கள், நாயும் பன்றியும் வரும், அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். யானை நடமாட்டத்தைச் சொல்ல இந்தப் பகுதியில் சாலையோரங்களில் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளை வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் யானை இருக்கிறது என்று பொருள். அன்று மாலை டீக்கடை நடையை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். 2023 அக்டோபரில் கோவைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இங்கே ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஆறுகள் பார்க்க முழங்கால் ஆழம் போல இருக்கும். பாறைக்கு அடுத்த அடியில் ஆழமான கசம். மேலே எங்கோ பெய்த மழை தெரியாமலே நீர் ஏறும். நீச்சல் தெரிந்தவர் இருக்கிறார் என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிக்க வேண்டுமென்றால் ஆழியாற்றுக்கு மேலே இருக்கும் கவியருவி, அதாவது பழைய பெயரில் குரங்கு அருவி. அங்கே கம்பித் தடுப்பு உண்டு. வெள்ளத்திலும் கடும் கோடையிலும் அதை மூடிவிடுவார்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் மலை அழகாக இருக்கும், உங்களால் வெளியே வர முடியாது. பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. துணி காயாது, அட்டை ஏறும். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள். உப்போ சானிட்டைசரோ பட்டால் தானே விழும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் அரை மணி, ஒரு மணி நேரம் கூடக் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணி வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கும் பெரியவர்களை மழை மாதங்களில் புல்லில் நடக்கவிடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவில் முதலிடம் கேரளத்து அதிரப்பள்ளி அருவி ஆசைக்கு. "வால்பாறை வரைக்கும் வந்துட்டோம், மளுக்கப்பாறை வழியா அதிரப்பள்ளியையும் பார்த்துடலாம்" என்று யாராவது சொல்வார்கள். வாடகை வண்டி என்றால் கேரளத்துக்கு நுழைவு வரி கட்ட வேண்டும், அந்தக் காட்டுச் சாலையிலும் இரவில் அனுமதியில்லை, வழியில் நிற்கவும் விடமாட்டார்கள். திரும்பி அதே வழியில் வருவதா, சாலக்குடி, பாலக்காடு சுற்றி வருவதா என்று முடிவு செய்யாமல் கிளம்பினால் ஒரு நாள் முழுக்க வண்டியில் போகும். கடைசி நாளில் ஊர் திரும்பும் வழியாக வைத்துக்கொண்டால் மட்டும் இது சரிப்படும்.

மருத்துவ வசதியில் வால்பாறை பின்தங்கியதுதான். அரசு மருத்துவமனை ஊரில் உண்டு. அதற்கு மேல் என்றால் பொள்ளாச்சி, இரண்டு மணி நேரம், 40 வளைவு. இதய நோயாளி இருக்கும் குழு வேறு மலையைப் பார்ப்பது நல்லது.

பறவை, விலங்கு பார்ப்பதில் ஆர்வமுள்ள பிள்ளைகள், அதிகாலை எழும் பழக்கம், மாலை 6 மணிக்கு மேல் அறைக்குள் சீட்டாடச் சம்மதிக்கும் நண்பர்கள் இருந்தால் வால்பாறைக்குப் போங்கள். இரவு பாட்டுப் போட்டு ஆட நினைக்கும் குழு தயவுசெய்து போக வேண்டாம்.

## கொடைக்கானல் மேல்மலை: குளிர்தான் வேண்டும் என்றால்

கொடைக்கானல் நகரத்தை இந்தக் கணக்கில் ஒரு கடைத்தெருவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தங்குவது பூம்பாறை, மன்னவனூர், கூக்கல், கவுஞ்சி பக்கம். பூண்டும் கேரட்டும் உருளையும் விளையும் படிக்கட்டு வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், மன்னவனூர் ஏரியில் பரிசல், ஆட்டுப் பண்ணை. நான்கு மலைகளிலும் மே மாதத்தில் ஸ்வெட்டர் போட வைப்பது இது ஒன்றுதான்.

ஆனால் அதே மே மாதத்தில்தான் எல்லோரும் வருகிறார்கள். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் உண்டு. 2025 கோடையில் ஒரு நாளைக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். சீசனில் அறைக்கு முன்பணம் கட்டுமுன் பாஸை எடுத்துவிடுங்கள். பாஸ் கிடைக்காமல் அறைப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. வத்தலக்குண்டு வழியில் வெள்ளி அருவியில் வண்டிகள் தேங்கும். காலை 7 மணிக்குள் அதைத் தாண்டினால் தப்பிக்கலாம். பழனி வழி குறுகலானது, கூட்டம் குறைவு, மலைப்பாதையில் பழகிய ஓட்டுநர் இருந்தால் மட்டும் எடுங்கள். மன்னவனூர் வரை மலைப்பாதையிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், வாந்திக் குழந்தை இருந்தால் நகரத்தில் இறங்கி ஒரு மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு மேலே போக வேண்டும்.

குளிரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி படியும். விடுதியில் ஆளுக்கு ஒரு கம்பளிதான் தருவார்கள், இரண்டாவதுக்குத் தனிக் காசு. வெந்நீரும் பல இடங்களில் காலை இரண்டு மணி நேரம்தான். குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, இந்த மலையிலேயே அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சமைத்துச் சாப்பிடப் போகிறவர்கள் குக்கர் எடுத்துப் போங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரம் பிடிக்கும், பருப்பு வேகவே வேகாது. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும், வண்டியில் ஒரு 20 லிட்டர் கேனும் போதும்.

இன்னொன்று, விடுதியின் அனுமதி. இந்தப் பகுதியில் உரிமம் இல்லாத காட்டேஜ்களுக்கு அவ்வப்போது சீல் வைப்பார்கள். சுற்றுலாத் துறைப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டவுடன் பேச்சை மாற்றினால் முன்பணம் அனுப்பாதீர்கள். "டென்ட், கேம்ப் ஃபயர், டிஜே" மூன்றும் ஒரே விளம்பரத்தில் இருந்தால் பதிவு எண் இருக்க வாய்ப்பு குறைவு.

ஆஸ்துமா உள்ள பெரியவர்கள், மூன்று மாதக் கைக்குழந்தை இருக்கும் குழு குளிர் மாதங்களில் மேல்மலையைத் தவிர்க்கலாம். மற்றபடி கோடையில் வெயிலிலிருந்து தப்புவதே நோக்கம் என்றால் கூட்டத்தையும் பாஸையும் பொறுத்துக்கொண்டு இங்கேதான் வர வேண்டும். மற்ற மூன்றும் அந்த வேலையைச் செய்யாது.

## இளையவர்கள் "ட்ரெக்" கேட்டால்

எந்த மலையாக இருந்தாலும், உள்ளூர்ப் பையன் ஒருவரைப் பிடித்துக் காட்டுக்குள் போவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு அதே ஆண்டில் நடைப்பயண விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறது. இணையத்தில் பதிவு, உள்ளூர் வழிகாட்டி, கட்டணத்தில் எல்லாம் அடக்கம். பத்து வயதுக்குக் கீழ் என்றால் எளிய பாதைகள் மட்டும், அதுவும் பெற்றோரோடு. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று மூடிவிடுவது வழக்கம், எனவே மார்ச்சில் நடைப்பயணத்தை மையமாக வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

கொடைக்கானலில் வட்டக்கானலிலிருந்து வெள்ளக்கவி இறங்கும் பழைய பாதை பெயர் பெற்றது. கும்பக்கரை வரை முழுக்க இறக்கம், முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடியது. புது ஷூவோடு வருகிறவர்களுக்குக் கால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். நகத்தை வெட்டி, ஷூ நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்ட வேண்டும். வெள்ளக்கவி ஊருக்குள் செருப்போ ஷூவோ போடக் கூடாது என்பது அந்த ஊர் மக்களின் வழக்கம். எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## வண்டி பேசும்போது

பன்னிரண்டு பேருக்கு இரண்டு சொந்தக் கார், இல்லை ஒரு டெம்போ டிராவலர். கார் என்றால் குழு இரண்டாகப் பிரியலாம், பெரியவர்கள் சீக்கிரம் அறைக்குத் திரும்பலாம், அவசரத்துக்கும் ஒரு வண்டி கையில் இருக்கும். ஆனால் இரண்டு காரில் பன்னிரண்டு பேர் ஏழு இருக்கை வண்டியாக இருந்தால்தான் முடியும், அதுவும் கடைசி வரிசைதான் வாந்தி வரிசை. டெம்போவில் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம், மலையில் பழகிய ஓட்டுநர் கிடைப்பார். தெரிந்தவரின் வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு எடுப்பது மலிவுதான், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

வண்டிக்காரரிடம் ஐந்து விஷயத்தைப் பேசி எழுதி வாங்குங்கள்: ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, ஓட்டுநர் படி எத்தனை நாளுக்கு, மலைக்குத் தனிக் கட்டணம் உண்டா, பார்க்கிங்கும் சோதனைச்சாவடிக் கட்டணமும் யார் தலையில், ஓட்டுநர் தங்க இடம் யார் பொறுப்பு. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால், குளிரில் வண்டிக்குள் தூங்காமல் கிடந்தவர்தான் மறுநாள் உங்களை இறக்கிக்கொண்டு வருவார். ஏற்றத்தில் ஏ.சி.யை அணைப்பார்கள், சண்டை போடாதீர்கள். இன்ஜின் சூடாகாமல் இருக்கத்தான்.

வாந்திக்கு: கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் இரண்டு இட்லி, எண்ணெய்ப் பண்டமும் பாலும் வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது. வாந்தி வரும் குழந்தையை முன்பக்க வரிசையில் உட்கார வைத்து, போனைப் பிடுங்கிவிடுங்கள். அவோமின் போன்ற மாத்திரையை மலை தொடங்கியபின் போட்டுப் பயனில்லை, ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். மருத்துவரைக் கேட்டு அளவு தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டுகிறவர் தொடக் கூடாது.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு ஒன்று. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. டீசலை மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் விட்டால் முழு எடையையும் பிரேக் சுமக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கருகிய வாசனை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும். வளைவில் எதிரே ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். ஏறுகிற வண்டி நடுவில் நின்றுவிட்டால் மறுபடி இழுத்துக் கிளப்புவது சிரமம்.